88 வருட பாக்கி

சூப்பர் மார்க்கெட்டில் அந்த ஓட்ஸ் டப்பாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அகலமான தொப்பி, காதை மறைக்கும் வெள்ளை முடி, உதட்டோரம் அடக்கமாக ஒரு சிரிப்பு. குவேக்கர் என்று பெயர் போட்டிருக்கும். அது அந்தத் தாத்தாவின் பெயரல்ல. ஒரு கிறிஸ்தவ சபையின் பெயர்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஓட்ஸ் கம்பெனிக்கும் குவேக்கர் சபைக்கும் ஸ்நானப்ராப்தி கூடக் கிடையாது. 1877-ல் அமெரிக்காவில் ஓர் ஓட்ஸ் ஆலைக்காரர்கள் தங்கள் சரக்குக்கு டிரேட் மார்க் பதிவு செய்தார்கள். என்ன படம் போடலாம் என்று யோசித்து, குவேக்கர் உடை போட்ட ஓர் ஆசாமியைப் போட்டுவிட்டார்கள். குவேக்கர் கடையில் எடை குறையாது, கலப்படம் இருக்காது, சொன்ன விலை சொன்ன விலைதான் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நம்பிக்கையை ஓசியில் எடுத்து டப்பாவில் ஒட்டிக்கொண்டார்கள்.

ஒரு மதப் பிரிவின் பெயர், கடைத்தெருவில் நாணயத்துக்கு முத்திரை ஆவது லேசுப்பட்ட சமாசாரமா? எப்படி அந்தப் பெயரைச் சம்பாதித்தார்கள்? அதைவிட முக்கியம், அந்தப் பெயருக்கு அவர்கள் முழுசாகத் தகுதியானவர்கள்தானா? இந்த வாரம் அந்தக் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிடலாம்.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்துக்கு வாருங்கள். ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் சண்டை. 1642-ல் ஆரம்பித்த உள்நாட்டுப் போர், 1649-ல் ராஜாவின் தலையை வாங்கிவிட்டுத்தான் அடங்கியது. ராஜா தலையே போகும் என்றால் வேறு எதுதான் நிலையானது? தெருவுக்கு ஒரு பிரசங்கி, ஊருக்கு ஒரு சபை என்று முளைத்துக்கொண்டிருந்தது.

அப்போது ஜார்ஜ் ஃபாக்ஸ் என்று ஒரு பையன். 1624-ல் பிறந்தவர். அப்பா நெசவாளி. பையனைச் செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழக விட்டிருந்தார்கள். பத்தொன்பது வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு முகம், திங்கட்கிழமை வேறு முகம் என்று இருக்கிறார்களே, இவர்களெல்லாம் எந்த விதத்தில் கிறிஸ்தவர்கள் என்பது அவருடைய கேள்வி. ஊர் ஊராகப் போய்ப் பாதிரியார்களைக் கேட்டார். ஒருவர், புகையிலை பிடி, சங்கீதம் பாடு, எல்லாம் சரியாகிவிடும் என்றார். இன்னொருவர் தோட்டத்தில் நடந்துகொண்டே நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். ஃபாக்ஸ் தெரியாமல் பூச்செடிப் பாத்தியில் கால் வைத்துவிட, மனிதருக்கு வந்ததே கோபம்! வீடே தீப்பிடித்த மாதிரி கத்தினாராம். ஃபாக்ஸ் தன் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

இப்படியே சில வருடம் அலைந்து, கடைசியில் அவருக்கே ஒன்று பிடிபட்டது. கடவுளின் ஒளி ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இருக்கிறது. பாதிரி, படிப்பாளி, ராஜா, ராப்பிச்சைக்காரன், ஆண், பெண், எல்லாருக்குள்ளும். அதைக் கேட்க நடுவில் ஒரு தரகர் தேவையில்லை.

அவ்வளவுதான். குவேக்கர்களின் மொத்த மதமும் இந்த ஒரு வரிதான். மீதியெல்லாம் இதன் வட்டி.

1652-ல் வட இங்கிலாந்தில் பெண்டில் என்கிற குன்றில் ஏறி நின்றபோது, பெரிய கூட்டம் ஒன்று திரளப்போகிறது என்று தனக்குக் காட்சி தெரிந்ததாக ஃபாக்ஸ் சொன்னார். அந்த வருடமே திரண்டது. ஸ்வார்த்மூர் என்ற ஊரில் ஒரு நீதிபதியின் மனைவி மார்கரெட் ஃபெல் தன் வீட்டையே இயக்கத்துக்குத் திறந்துவிட்டார். தங்களை 'நண்பர்கள்' என்றுதான் அவர்கள் அழைத்துக்கொண்டார்கள். குவேக்கர் என்பது 1650-ல் ஒரு மாஜிஸ்திரேட் கேலியாக வைத்த பெயர். கடவுளின் வார்த்தைக்கு நடுங்கு என்று ஃபாக்ஸ் அவரிடம் சொல்லப்போக, 'நடுங்கிகள்' என்று திருப்பி அடித்துவிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது.

இவர்களுடைய ஆராதனையைப் பார்த்தால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். பலிபீடம் கிடையாது. பாடகர் குழு கிடையாது. ஞானஸ்நானம், நற்கருணை எதுவும் கிடையாது. ஒரு சாதாரண அறையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மௌனம். யாருக்காவது உள்ளே இருந்து பேசச் சொல்லி உந்துதல் வந்தால் எழுந்து பேசலாம். பெண்ணும் பேசலாம். 1666-ல் மார்கரெட் ஃபெல் சிறையில் இருந்தபடியே, பெண்கள் சபையில் பேசுவது சரியே என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒருவருக்கும் உந்துதல் வரவில்லையா? பரவாயில்லை. ஒரு மணி நேரம் சும்மா இருந்துவிட்டுக் கைகுலுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

இவ்வளவு சாதுவான ஆட்களை அரசாங்கம் ஏன் பிடித்து உள்ளே தள்ளியது? அங்கேதான் வருகிறது வம்பு. எல்லாருக்குள்ளும் ஒரே ஒளி என்றால், எல்லாரும் சமம். எல்லாரும் சமம் என்று வாயால் சொன்னால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. இவர்கள் செய்து பார்த்தார்கள்.

முதலில் பேச்சு. அன்றைய ஆங்கிலத்தில் நம் 'நீ', 'நீங்கள்' மாதிரியே இரண்டு சொற்கள் இருந்தன. சின்னவர்களுக்கு, வேலைக்காரர்களுக்கு ஒன்று. பெரிய மனிதர்களுக்கு மற்றது. குவேக்கர்கள் எல்லாரையும் 'நீ' என்றார்கள். பிரபுவையும் நீதிபதியையும்கூட. கலெக்டர் ஆபீசுக்குள் நுழைந்து, 'நீ எப்போ கையெழுத்துப் போடுவே?' என்று கேட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதுதான் நடந்தது.

அப்புறம் தொப்பி. பெரியவர்கள் முன்னால் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்பது மரியாதை. நம் ஊரில் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார்களே, அந்த ஜாதி மரியாதை. கடவுளிடம் பிரார்த்திக்கும்போது மட்டும் கழற்றுவோம், மனிதனுக்குக் கழற்ற மாட்டோம் என்றார்கள் இவர்கள்.

1670-ல் லண்டனில் ஒரு வழக்கு. தெருவில் கூட்டம் கூட்டிப் பேசியதாக வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இருவரைக் கோர்ட்டுக்குக் கொண்டு வந்தார்கள். பென் சாதாரண ஆளில்லை, கடற்படைத் தளபதியின் மகன். உள்ளே வரும்போது இருவர் தலையிலும் தொப்பி இல்லை. வாசலிலேயே யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். கோர்ட் என்ன செய்தது தெரியுமா? தொப்பியைத் திரும்பத் தலையில் வைக்கச் சொன்னது. வைத்தார்கள். உடனே, கோர்ட்டில் தொப்பியோடு நிற்கிறாயா என்று அபராதம் போட்டது!

கதை அத்தோடு முடியவில்லை. பன்னிரண்டு ஜூரிகள், குற்றம் நிரூபணமாகவில்லை என்றார்கள். நீதிபதிகள் விடவில்லை. சாப்பாடு, தண்ணீர், நெருப்பு எதுவும் தராமல் இரண்டு இரவுகள் ஜூரிகளைப் பூட்டி வைத்தார்கள். அவர்கள் மசியவில்லை. அபராதம் போட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் புஷெல் என்ற ஜூரி அதை எதிர்த்து வழக்காடினார். தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்று தலைமை நீதிபதி சொல்லிவிட்டார். ஆங்கிலச் சட்டத்தில் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிற முடிவு அது. ஆரம்பித்து வைத்தது, மௌனமாக உட்கார்ந்து சாமி கும்பிடும் ஒரு கூட்டம்.

அடுத்தது சத்தியம். கோர்ட்டில் பைபிள் மீது கை வைத்து உறுதிமொழி எடுக்க மாட்டோம் என்றார்கள். பைபிளிலேயே சத்தியம் பண்ணாதே என்று இருக்கிறது. தவிர, கோர்ட்டில் மட்டும் உண்மை சொல்கிறேன் என்றால் மற்ற நேரம் பொய் சொல்கிறேன் என்றல்லவா ஆகும்? நியாயமான கேள்விதான். ஆனால் ராஜவிசுவாசப் பிரமாணம் எடுக்காதவன் துரோகி என்று அரசாங்கம் சொன்னது. 1662-ல் இவர்களுக்கென்றே தனிச்சட்டம் போட்டார்கள். ஆயிரக்கணக்கில் சிறை. நூற்றுக்கணக்கானோர் உள்ளேயே செத்தார்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் 1660-ல் மேரி டயர் என்ற பெண்மணியைத் தூக்கிலேயே போட்டார்கள். ஊருக்குள் வராதே என்று சொல்லியும் திரும்பத் திரும்ப வந்ததுதான் குற்றம். இவ்வளவு பட்டும் யாரும் ஆயுதம் எடுக்கவில்லை. எக்காரணம் கொண்டும் போர் செய்ய மாட்டோம் என்று ராஜாவுக்கே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

இப்போது கடைக்கு வருவோம். அந்தக் காலக் கடைத்தெருவில் எதற்கும் நிலையான விலை கிடையாது. ஆளைப் பார்த்து விலை. கடைக்காரர் பத்து சொல்வார், நீங்கள் ஐந்து கேட்பீர்கள், ஏழரையில் முடியும். குவேக்கர் கடைக்காரருக்கு இது இரண்டு விதத்தில் உதைத்தது. ஏழரைக்கு விற்கிற பொருளைப் பத்து என்று சொன்னால் அது பொய். பேரம் பேசத் தெரிந்தவனுக்கு ஒரு விலை, தெரியாத குழந்தைக்கு ஒரு விலை என்றால் அப்புறம் என்ன சமம்? ஆகவே ஒரே விலை. பிரபு வந்தாலும் அதுதான், அவர் வீட்டு வேலைக்காரி வந்தாலும் அதுதான்.

ஆரம்பத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. தொப்பி கழற்றாதவன் கடைக்கு எவன் போவான்? மெல்ல மெல்ல ஜனங்களுக்கு ஒரு விஷயம் புரிந்தது. இந்தக் கடைக்குச் சின்னக் குழந்தையை அனுப்பினாலும் ஏமாறாமல் வருகிறது. அப்புறம் கூட்டம் தாங்கவில்லை. இதையும் ஃபாக்ஸ் கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருக்கிறார்.

பி.காம் வகுப்பில் 'குட்வில்' என்று ஒரு சொத்தைச் சொல்லிக்கொடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் மதிப்பு உண்டு. குவேக்கர்கள் அதில் கோடீஸ்வரர்கள். பல்கலைக்கழகம், ராணுவம், அரசாங்க உத்தியோகம் எல்லாக் கதவும் அடைத்திருந்ததால் திறமைசாலிகள் எல்லாரும் வியாபாரத்துக்கே வந்தார்கள். கடன் வாங்கித் திருப்பித் தராதவனைச் சபையே விலக்கி வைத்தது. அப்படிப்பட்ட ஆட்களிடம் பணத்தைக் கொடுத்து வைக்க ஊருக்கு என்ன தயக்கம்? பார்க்ளேஸ் வங்கி, லாயிட்ஸ் வங்கி இரண்டின் வேரும் குவேக்கர் குடும்பங்களில் இருக்கிறது. இங்கிலாந்தின் மூன்று பெரிய சாக்லேட் குடும்பங்களான ஃப்ரை, ரௌண்ட்ரீ, காட்பரி மூவரும் குவேக்கர்கள். கிளார்க்ஸ் செருப்பு குவேக்கர். நிலக்கரியைக் கோக் ஆக்கி இரும்பு உருக்கிய ஆப்ரஹாம் டார்பி குவேக்கர். 1825-ல் ஓடிய ஸ்டாக்டன் - டார்லிங்டன் ரயிலுக்குப் பணம் போட்டவர்கள் பெரும்பாலும் குவேக்கர்கள்.

நல்லவன் வாழ்வான் என்று இங்கேயே சுபம் போட்டுவிடலாம்தான். ஆனால் கணக்கில் ஒரு பெரிய பாக்கி இருக்கிறதே.

1681-ல் ராஜா இரண்டாம் சார்லஸ், வில்லியம் பென்னின் அப்பாவுக்குத் தர வேண்டிய 16,000 பவுண்டு கடனுக்குப் பதிலாக அமெரிக்காவில் ஒரு பெரும் நிலப்பரப்பை மகனுக்கு எழுதிக் கொடுத்தார். அதுதான் பென்சில்வேனியா. அடிபட்டு உதைபட்ட குவேக்கர்களுக்கு முதல் முறையாக ஆட்சி செய்ய ஒரு நாடு. எல்லா மதத்துக்கும் இடம் உண்டு என்று அறிவித்தார் பென். அருமை. அதே பென்னின் பண்ணையில் கறுப்பின அடிமைகளும் இருந்தார்கள்.

அவர் மட்டுமா? பிலடெல்பியாவின் பணக்கார குவேக்கர்கள் பலரும் அடிமைகளை வாங்கினார்கள், விற்றார்கள். கரீபியன் கடலின் பார்படோஸ் தீவில் குவேக்கர் கரும்புத் தோட்டக்காரர்கள் இருந்தார்கள். 1671-ல் அங்கே போன ஜார்ஜ் ஃபாக்ஸ்கூட, அடிமைகளை அன்பாக நடத்துங்கள், கொஞ்ச காலம் கழித்து விடுதலை செய்யுங்கள் என்றுதான் சொன்னார். உடனே விடு என்று சொல்லவில்லை. தொப்பி விஷயத்தில் ராஜாவிடமே முறைத்துக்கொண்ட மனிதர்.

சேவல் கூவாத ஊர் கிடையாதல்லவா? 1688-ல் பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் ஜெர்மன்டவுன் என்ற குடியிருப்பில் நான்கு பேர் ஒரு மனு எழுதினார்கள். ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்து குடியேறியவர்கள். ஆங்கிலமே தட்டுத்தடுமாறித்தான் வரும். கேள்வி மட்டும் தடுமாறவில்லை. உன்னைப் பிடித்து விற்றால் நீ ஒப்புக்கொள்வாயா? மாட்டாய் அல்லவா? அப்புறம் அவனை ஏன் விற்கிறாய்? அமெரிக்கக் காலனிகளில் அடிமை முறையை எதிர்த்து எழுந்த முதல் எழுத்துபூர்வமான எதிர்ப்பு என்று அதைச் சொல்கிறார்கள்.

மனு என்ன ஆயிற்று? நம் அரசாங்க ஃபைல் கதைதான். மாதக் கூட்டம், இது ரொம்பக் கனமான விஷயம் என்று மேலே அனுப்பியது. காலாண்டுக் கூட்டமும் அதே கருத்தோடு மேலே அனுப்பியது. வருடாந்திரக் கூட்டம், இப்போது முடிவெடுப்பது பொருத்தமில்லை என்று ஓரமாக வைத்துவிட்டது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குவேக்கர் கூட்டங்களில் ஓட்டெடுப்பு கிடையாது. எல்லார் மனமும் ஒன்றுபடும் வரை காத்திருப்பார்கள். நல்ல வழக்கம். சிறுபான்மையை மிதிக்காத வழக்கம். ஆனால் பெஞ்சின் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் வீட்டிலேயே நாலு அடிமை இருந்தால் மனம் எப்போது ஒன்றுபடும்? அந்த அறையில் வாய்ப்பூட்டு யாருக்கும் இல்லை, அடிமைக்கு மட்டும் பெஞ்சும் இல்லை.

காத்திருக்க மறுத்த ஓர் ஆள் இருந்தார். பெஞ்சமின் லே. நாலடி உயரம், முதுகில் கூன். மாலுமியாக இருந்து, பார்படோஸில் கடை வைத்து, அடிமைகள் படும் பாட்டைக் கண்ணால் பார்த்தவர். பென்சில்வேனியாவில் ஒரு குகை வீட்டில் குடியிருந்தார். தன் துணியைத் தானே நூற்றுக்கொண்டார். அடிமைகள் உற்பத்தி செய்த பொருள் என்பதால் சர்க்கரையைத் தொடமாட்டார்.

1738-ல் பர்லிங்டன் நகரில் வருடாந்திரக் கூட்டம். லே எழுந்து மேலங்கியை விலக்கினார். உள்ளே ராணுவ உடை, இடுப்பில் வாள். போரை வெறுக்கும் கூட்டத்தின் நடுவே! அடிமை வைத்திருப்பவன் இப்படித்தான் தன் இதயத்தில் குத்துகிறான் என்கிற பொருளில் பேசி, கையில் இருந்த புத்தகத்தில் வாளைச் செருகினார். அதைக் குடைந்து சிவப்புச் சாறு நிரம்பிய பையை வைத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் மேலெல்லாம் 'ரத்தம்'. தூக்கி வெளியே கொண்டுபோய்விட்டார்கள். அந்த வருடமே சபையிலிருந்தும் நீக்கினார்கள்.

இன்னொருவர் இதற்கு நேர் எதிர். ஜான் வுல்மன். கத்திப் பேச மாட்டார். நியூ ஜெர்சியில் ஒரு கடையில் வேலை பார்த்த இளைஞர். ஒருநாள் முதலாளி, ஒரு கறுப்பினப் பெண்ணை விற்றுவிட்டேன், பத்திரம் எழுது என்றார். வாங்குபவரும் குவேக்கர் பெரியவர்தான். வுல்மன் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால், இது கிறிஸ்தவ மதத்துக்குப் பொருந்தாத காரியம் என்று இருவரிடமும் சொன்னார். எழுதிய கை உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்து இப்படி ஒரு பத்திரம் வந்தபோது முடியாது என்றுவிட்டார்.

பிறகு தனியாகக் கடை வைத்தார். பிரமாதமாக ஓடியது. ரொம்ப ஓடுகிறதே, மனசை அடைக்கிறதே என்று வாடிக்கையாளர்களை வேறு கடைக்குப் போகச் சொல்லிவிட்டுத் தையல் வேலைக்குத் திரும்பினார். எந்த காமர்ஸ் புத்தகத்திலும் இப்படியொரு பாடம் நான் படித்ததில்லை. மிச்ச நேரத்தில் ஊர் ஊராக நடந்தார். அடிமை வைத்திருக்கும் குவேக்கர் வீடுகளில் தங்குவார். கிளம்பும்போது, தனக்கு வேலை செய்த அடிமைகளுக்கென்று கூலி கொடுத்துவிட்டு வருவார். திட்டமாட்டார், சபிக்கமாட்டார். அந்தச் சில்லறை போதும். வீட்டுக்காரருக்கு ராத்திரி தூக்கம் வராது.

1758-ல் பிலடெல்பியா வருடாந்திரக் கூட்டம், அடிமைகளை வாங்கி விற்பவர்களுக்குச் சபைப் பொறுப்பு கிடையாது என்றது. சேதி கேட்ட கிழவர் பெஞ்சமின் லே, இனி நிம்மதியாகச் சாவேன் என்றாராம். அடுத்த வருடம் இறந்தும் போனார். 1776-ல், அடிமை வைத்திருப்பவன் உறுப்பினரே அல்ல என்று முடிவாயிற்று. 1688-லிருந்து கழித்துப் பாருங்கள். 88 வருடம்.

ராஜாவை எதிர்க்க ஒரு நாள்கூட யோசிக்காத கூட்டம், தன் கல்லாவை எதிர்க்க 88 வருடம் யோசித்திருக்கிறது.

ஆனாலும் ஒன்றை மறக்கக்கூடாது. அதே 1776-ல்தான் மனிதர்கள் அனைவரும் சமம் என்று அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்தது. அதை எழுதிய ஜெஃபர்சன் கடைசிவரை அடிமைகளை வைத்திருந்தார். அந்த தேசத்துக்கு அடிமை முறையை ஒழிக்க இன்னும் 89 வருடமும் ஓர் உள்நாட்டுப் போரும் தேவைப்பட்டது. இங்கிலாந்தில் 1787-ல் அடிமை வியாபாரத்தை ஒழிக்கக் கமிட்டி போட்டபோது பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் குவேக்கர்கள். தாமதமாக வந்தார்கள். ஆனால் மற்ற எல்லாருக்கும் முன்னால் வந்தார்கள்.

பழைய கணக்கு முடிந்தது, அப்பாடா என்று உட்கார முடிந்ததா? 1901-ல் காட்பரி கம்பெனிக்குத் தலைவலி. ஆப்பிரிக்காவை ஒட்டிய சாவோ டோமே தீவிலிருந்து கம்பெனி நிறைய கோகோ வாங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு தோட்டம் விலைக்கு வருகிறது என்று வந்த பட்டியலில், மரம் மட்டை கட்டடத்தோடு கறுப்பினத் தொழிலாளர்களுக்கும் விலை போட்டிருந்தது! விசாரிப்போம் என்றார்கள். ஆள் அனுப்பினார்கள். அறிக்கை வாங்கினார்கள். போர்ச்சுக்கீசிய அரசாங்கத்திடம் பேசினார்கள். கோகோவையும் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். நிறுத்தியது 1909-ல்.

லண்டன் பத்திரிகை ஒன்று இதைக் கிழித்து எழுத, காட்பரி அவதூறு வழக்குப் போட்டது. ஜூரி, அவதூறுதான் என்று ஒப்புக்கொண்டது. நஷ்ட ஈடு எவ்வளவு? ஒரு ஃபார்திங். அதாவது ஒரு பென்னியில் கால்வாசி. ஒரு குவேக்கர் கம்பெனியின் எட்டு வருடத் தயக்கத்துக்கு அந்தப் பன்னிரண்டு பேர் போட்ட மதிப்பு அது.

இரண்டு உலகப் போர்களிலும் எதிரி, நண்பன் பார்க்காமல் பசித்தவர்களுக்குச் சோறு போட்டதற்காக 1947-ல் குவேக்கர்களின் இரண்டு சேவை அமைப்புகளுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. நம் பக்கமும் அவர்கள் தடம் உண்டு. 1928-ல் சென்னை பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து, காந்தியின் கல்வித் திட்டத்தில் உழைத்து, கோத்தகிரியில் பல வருடம் வாழ்ந்த மார்ஜரி சைக்ஸ் ஒரு குவேக்கர். உலகம் முழுவதும் இன்று மொத்தம் நாலு லட்சம் பேர் இருந்தால் அதிகம். கென்யாவில்தான் நிறையப் பேர். அங்கே பாட்டும் உண்டு, போதகரும் உண்டு.

அந்த ஜெர்மன்டவுன் மனுவை ரொம்ப காலம் எல்லாரும் மறந்தே போனார்கள். 1844-ல் யாரோ கண்டெடுத்தார்கள். மறுபடி காணாமல் போய், 2005-ல் பிலடெல்பியாவில் குவேக்கர்களின் பழைய கூட்ட வீடு ஒன்றின் பெட்டக அறையிலேயே கிடைத்தது. ஆக, அது எங்கேயும் போகவில்லை. அவர்கள் வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறது.

பெஞ்சமின் லே? அவரை நீக்கிய சபைக் கிளைகள் 2017-லும் 2018-லும் கூடி, அவர் செய்தது சரி, அவர் எங்களவர்தான் என்று தீர்மானம் எழுதின. 280 வருடம் கழித்து. அசல் மட்டும்தான் கட்டியிருக்கிறார்கள். வட்டியை யாரிடம் கேட்பது?